பதினாலு எட்டு

மார்ச் 3, ஞாயிறு

பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஃபுட்பால் கிளப்பிடம் அவர்கள் மைதானத்தில் தோற்றோம். இரண்டு பெனால்டி கிடைத்தது. மேல் கம்பிக்குக் கீழே பந்தைச் சொருகுவதுதான் எங்கள் கேப்டன் நெட்டையின் பாணி. இன்று இரண்டையும் கம்பிக்கு மேலே அனுப்பினான்.

இப்போது இரண்டு கிளப்புக்கும் சமப் புள்ளி. 24ஆம் தேதி பெரிய ஸ்டேடியத்தில் ஒரே ஆட்டம். ஜெயிப்பவர்களுக்கு முதல் டிவிஷன். அவர்கள் இரண்டு தடவை போய் வந்தவர்கள். நாங்கள் அந்த வாசலை மிதித்ததே இல்லை.

அந்தக் கிளப்புக்குச் செயலாளர் யார்? என் சம்பந்தி. பெண் கொடுத்தவன் வாயைத் திறக்கக்கூடாதாம். நான் திறப்பேன். இன்று அவர் முந்திக்கொண்டார்.

"சம்பந்தி, உங்க பந்தை எந்தக் கூரைல போய்த் தேடுறது?"

"உங்க தலைல முடி இருந்தா அங்கயே சிக்கியிருக்கும். வழுக்கிப் போயிருக்கும் பாருங்க."

மார்ச் 4

எங்கள் மைதானத்தில் நெட்டை இந்த வருஷம் ஒரு பெனால்டி விட்டதில்லை. வெளியே போனால் மட்டும் ஏன்?

மார்ச் 5

ஐயோ, நான்தான்.

முப்பது வருஷமாக மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது நான். கோடுகளுக்கெல்லாம் கயிறு பிடிப்பேன். பெனால்டி புள்ளிக்கு மட்டும் கோல் கோட்டிலிருந்து பதினாலு எட்டு வைத்து நடப்பேன். கயிறு எதற்கு, என் கால்தான் அளவு என்று பீற்றிக்கொள்வேன். இன்று டேப் வைத்துப் பார்த்தேன். பதினோரு மீட்டர் இருக்க வேண்டியது பத்துதான் இருக்கிறது. பத்திலிருந்து கம்பிக்குக் கீழே போய்ப் பழகின பந்து, பதினொன்றிலிருந்து மேலே ஏறிவிடுகிறது. முட்டி வலி வந்ததிலிருந்து எட்டு குட்டையாகிவிட்டது. எனக்கே தெரியவில்லையே. நடுவர்கள் பந்தை அமுக்கிப் பார்ப்பார்கள், தரையை யார் பார்த்தார்கள்?

மார்ச் 6

யாருக்கும் சொல்லாமல் புள்ளியைத் தள்ளிப் போட்டுவிட்டேன். பழையதை மண் போட்டு மூடியாயிற்று. பூனைகூட இவ்வளவு சுத்தமாக மூடாது.

மார்ச் 8

பயிற்சியில் நெட்டை எட்டு பெனால்டி அடித்தான், ஆறு வெளியே. வெல்டிங் பட்டறையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற பையன். தரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான்.

"என் கால் போயிடுச்சு பெருசு. இனிமே வேற யாராவது அடிக்கட்டும்."

நான் கோடு போடுகிற வண்டியைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

மார்ச் 9

வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சாப்பாட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்: "உங்க மானம் போனா போகட்டும். அது ஏற்கெனவே பாதி வழி போயாச்சு. அந்தப் பையன்கிட்ட சொல்லித் தொலைங்க."

போய்ச் சொன்னேன். எல்லாரும் சுற்றி நின்றார்கள். நெட்டைதான் கேட்டான்.

"அப்போ இத்தனை நாளா நாங்க ஏமாத்தி ஜெயிச்சோமா?"

"வந்தவனும் அதே புள்ளியிலேருந்துதான அடிச்சான். உங்களுக்குப் பழகிப்போச்சு, அவனுக்குப் பழகல. அவ்வளவுதான்."

அவன் டேப்பைப் பிடுங்கித் தானே அளந்து பார்த்தான். அப்புறம் பூட்ஸை மாட்டினான். கடவுளே, பையன் சிரித்துவிட்டான்.

மார்ச் 17

தினமும் ஐம்பது அடிக்கிறான். இன்று நாற்பத்தி நாலு உள்ளே.

மார்ச் 24, ஞாயிறு

ஒன்றுக்கு ஒன்று. முடிய ஆறு நிமிஷம் இருக்கும்போது எங்களுக்குப் பெனால்டி. நான் பார்க்கவில்லை, என் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது. கம்பிக்குக் கீழே, அவன் பாணியில்.

முதல் டிவிஷன். எழுதிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது. முதல் டிவிஷன்.

மார்ச் 25

சம்பந்திக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. வாயில் அவ்வளவு சரக்கு வைத்திருந்தேன்.

ஏப்ரல் 9

இன்னும் எடுக்கவில்லை. மகளிடம் கேட்டால், "மாமா பேப்பர்ல விளையாட்டுப் பக்கத்தைக்கூடப் பிரிக்கிறதில்லப்பா" என்கிறாள். கிண்டல் பண்ண ஆள் இல்லாமல் ஜெயித்து என்ன?

ஏப்ரல் 21, ஞாயிறு

முதல் டிவிஷனில் எங்கள் முதல் ஆட்டம். நல்ல வெயில், குடை பிடித்து உட்கார்ந்திருந்தேன். சம்பந்தி வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் ஆட்டத்தையே பார்த்தார். திடீரென்று எழுந்து நின்று நடுவரைப் பார்த்துக் கத்தினார்.

"யோவ், அது கையில்ல, தோள்பட்டை. நம்ம பையன் கைல தொடுவானா?"

நம்ம பையன்.

நாக்கு நுனியில் நாலு கிண்டல் வந்து நின்றது. நாலையும் முழுங்கிவிட்டு, குடையை அவர் பக்கம் கொஞ்சம் சாய்த்தேன்.