நீ விட்டுக்கொடுத்த முன்வரிசை

மச்சான்,

இன்று காலை கம்பம் மெயின் ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கும் ஏசி சலூனில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கன்னம் மழித்தாகிவிட்டது. "இந்தப் பக்கம் முடி முரடா இருக்குண்ணே" என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் ஒரு சூடான துண்டை என் முகத்தில் போட்டார். எலுமிச்சை வாசம். அவ்வளவுதான். துண்டை வீசிவிட்டு எழுந்துவிட்டேன். "சூடு சாஸ்தியாயிருச்சாண்ணே?" என்று அந்த மனுசன் பதறிப்போனார். விமானத்தின் முன்வரிசையில் இதே வாசத்தோடு துண்டு கொடுப்பார்கள் என்று அவருக்கு நான் எதைச் சொல்லி விளக்குவது? வேலை இருக்கிறது என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

நீ ஏலக்காய் வியாபாரி. நான் குமுளிக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருப்பவன். "தோட்டக்காரனையே கூட்டிட்டுப் போயி முன்னாடி நிறுத்துனா அரபிக்காரன் மறுபேச்சுப் பேச மாட்டான்லே" என்று நீதான் என்னைத் துபாய்க்கு இழுத்துக்கொண்டு போனாய். இடுப்பு வாரைப் பூட்டத் தெரியாமல் முடிச்சுப் போடப் பார்த்தவன் நான். நீயோ மாதம் தவறாமல் பறந்து பறந்து, அந்த விமானக் கம்பெனியே உனக்குத் தங்க நிறத்தில் ஓர் அட்டை கொடுத்திருந்தது. அட்டைக்காரருக்குத் தனி வரிசை, கூடுதல் பெட்டி, புறப்படும்வரை உட்கார்ந்து சாப்பிடத் தனி அறை. கூட ஒரே ஒருவரை அழைத்துப் போகலாம். அந்த ஒருவர் எப்போதும் நான்தான்.

நெடும்பாசேரி விமான நிலையத்தில் முதல்முறை அந்த அறைக்குள் நுழைந்தபோது, தட்டை எடுக்கப் பயந்துகொண்டு உன் காதில் கேட்டேன், "எம்புட்டுடா இதுக்கெல்லாம்?" என்று. "ஓசிதான் மாப்ள, தின்னு. மூஞ்சிய மட்டும் ஓசிக்கு வந்தவன் மாதிரி வச்சுக்காத" என்றாய். இன்னொரு தடவை, உன்னிடம் நிறையச் சரக்கு வாங்கும் பெரிய புள்ளி ஒருவர் தன்னையும் உள்ளே கூட்டிப்போகச் சொன்னார். என்னை வெளியே நிற்கச் சொல்லப்போகிறாய் என்றுதான் நினைத்தேன். நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஒருத்தருக்குத்தான் அனுமதிங்க. அந்த ஒருத்தன் வந்துட்டான்" என்று என் தோளில் கையைப் போட்டாய். அந்த மனிதர் அதோடு வேறு வியாபாரியைப் பார்த்துக்கொண்டார். நீ அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

பறந்த தூரத்துக்குச் சேரும் புள்ளிகளை வைத்து எப்போதாவது முன்வரிசை இருக்கை கிடைக்கும். அதுவும் ஒன்றுதான் கிடைக்கும். தோட்டத்துச் சரிவில் விழுந்து என் முட்டி போன பிறகு அதை என் பேருக்கே போடச் சொல்லிவிடுவாய். "கால மடக்கி ஒக்காந்துட்டு வந்து ஒரு வாரம் நொண்டுற. நான் குட்டையன், என்னைய எங்கன சொருகினாலும் சரி" என்பாய். நான் வேண்டாம் வேண்டாம் என்பேன். எல்லாம் சும்மா ஒப்புக்கு. உள்ளே ஆசை இருந்தது, மச்சான். இன்று உன்னிடம் பொய் எதற்கு?

கடைசிப் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்புதான் உனக்கு நெஞ்சுவலி வந்து மதுரைக்குப் போய்வந்தாய். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஜீப் ஏறும்போது உன் மனைவி வாசல்வரை வந்து என்னிடம்தான் சொன்னாள். "அண்ணே, அவுகளுக்கு மறதி. மாத்திரைய கைப்பையில முன் ஜிப்புல வச்சிருக்கேன். நீங்க பாத்துக்கங்க." பார்த்துக்கொள்கிறேன் என்று தலையாட்டினேன். பெரிய மனுசன்!

திரும்பும் நாளில் மத்தியான விமானம், முன்வரிசை வழக்கம்போல என் பேரில். நமக்கு எப்போதும் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கைப்பை. ஏறும் இடத்தில் அதை என் தோளில் மாட்டிவிட்டாய். "பின்னாடி மேல வைக்க எடம் இருக்காது. நீயே வச்சுக்க" என்றாய். எனக்கு மாத்திரை ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று ஜிப்பில் கைகூட வைத்தேன். அதற்குள் மலையாளப் பணிப்பெண் ஒருத்தி பழச்சாறும் சூடான துண்டும் கொண்டுவந்து நீட்டினாள். நான்கு மணி நேரம்தானே, இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நீ திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாய்.

சின்னப் பை ஒன்று கொடுத்தார்கள். அதில் தூங்கும்போது கண்ணில் போடும் கண்மூடியும், இருக்கையில் ஒட்டிக்கொள்ளும் சீட்டுகளும் இருந்தன. சாப்பாட்டுக்கு எழுப்பவும் என்று ஒரு சீட்டு, எழுப்ப வேண்டாம் என்று ஒரு சீட்டு. உன்னோடு சேர்ந்து அந்த அளவு ஆங்கிலம் படிக்கக் கற்றிருந்தேனே! எழுப்ப வேண்டாம் என்பதை எடுத்துத் தலைக்கு மேலே ஒட்டினேன். பட்டப்பகலில் கண்மூடியைப் போட்டுக்கொண்டு காலை நீட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். "சேட்டா, கொஞ்சம் வரணும்" என்றாள் அந்த மலையாளப் பெண். கண்மூடியைக் கழற்றி அவள் முகத்தைப் பார்த்தேன். பையை எடுத்துக்கொண்டு, திரையை விலக்கி ஓடினேன். நடைபாதையில் உன்னைக் கிடத்தி, பயணிகளில் ஒருவராக வந்த டாக்டர் உன் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். உன் ஒரு கால் செருப்பு யாரோ ஒருவர் இருக்கைக்கு அடியில் கிடந்தது. நான் பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு நின்றேன். டாக்டர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார்.

இறங்கிய பிறகு அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னாள். வாய்வு என்று சோடா கேட்டாயாம். அப்புறம், முன்னாடி என் கூட்டாளி இருக்கிறான், அவன் பையில் ஒரு மாத்திரை இருக்கிறது என்றாயாம். அவள் வந்து பார்த்திருக்கிறாள். தலைக்கு மேலே சீட்டு, கீழே என் குறட்டை. திரும்பிப் போய், தூங்குகிறார், எழுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறாள். நீ சொன்ன பதிலை அவள் மலையாளத்தில் சொன்னாள். எனக்கு அது உன் குரலில்தான் கேட்டது. "வேண்டாம்மா. முட்டி வலியில ரெண்டு நாளா அவன் தூங்கல. தூங்கட்டும்." அதற்குப் பிறகு நீ பேசவில்லையாம்.

உன்னை அடக்கம் செய்த மறுநாள் பையை உன் மச்சினன் கையில் கொடுத்தனுப்பினேன். உன் மனைவி இத்தாவில் இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண் யாரும் அவளைப் பார்க்கக் கூடாது. அந்த வழக்கம் எனக்கு வசதியாகப் போயிற்று. இத்தா முடியட்டும், போய்ச் சொல்லிவிடலாம் என்றேன். முடிந்தது. நோன்பு போகட்டும் என்றேன். பிறகு தோட்டத்தில் காய் எடுப்பு முடியட்டும் என்றேன். இப்படியே நான்கு வருடம் ஓடிவிட்டது. பெருநாளுக்குப் பெருநாள் அவள் பிரியாணி கொடுத்தனுப்புவாள். தின்றேன் மச்சான், அதையும் தின்றேன்.

இன்று சலூனிலிருந்து நேராக வண்டியை உத்தமபாளையத்தில் இருக்கும் உன் வீட்டுக்கு விட்டேன். கதவைத் திறந்தவள் என் மூஞ்சியைப் பார்த்து, "என்னண்ணே, பாதி தாடியோட வந்திருக்கீக?" என்று சிரித்தாள். உட்காரக்கூட இல்லை. மாத்திரை என் பையில் இருந்ததையும், ஞாபகம் வந்தும் கொடுக்காததையும், அந்தச் சீட்டையும் நின்றபடியே சொல்லி முடித்தேன்.

"மாத்திரை உங்ககிட்ட இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்ணே" என்றாள். "அவுகள அடக்கம் பண்ணுன மறுநாள் பையப் பிரிச்சதே நான்தான். அட்டை பிரிக்காம அப்படியே இருந்துச்சு. நீங்களா வந்து சொல்லுவீகன்னு பாத்தேன்." பிறகு, "கடைசியா அவுக ஏதாச்சும் சொன்னாகளா? அது மட்டும் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். "அவுக சொன்ன மாதிரியே சொல்லுங்கண்ணே" என்றாள். மூன்றாவது தடவையும் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாலு வருசமா இத நீங்களே வச்சிருந்திருக்கீக. என் புருசன் பேச்சுண்ணே இது. எங்கிட்டல்ல வந்திருக்கணும்?"

அவள் கத்தியிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால் தேவலை. கதவைச் சாத்தாமல் உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். உனக்குக் கிடைத்ததில் எல்லாம் எனக்குப் பாதி வைத்தாய். உன் கடைசி வார்த்தையை உன் பெண்டாட்டிக்குக்கூடக் கொடுக்காமல் நான் பதுக்கி வைத்திருந்தேன்.

இப்போதெல்லாம் பகலில் கண் அசந்தால், வாசலில் யார் வந்து கேட்டாலும் என்னை எழுப்பிவிட வேண்டும் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். "பால்காரன் வந்ததுக்கெல்லாமா ஒரு மனுசனை எழுப்புவாக?" என்று என் வீட்டுக்காரி திட்டுகிறாள். ஆமாம், பால்காரன் வந்தாலும் எழுப்பு என்கிறேன்.