நெஞ்சில் வைத்த கை

தே மாதம் 14, வியாழன்

குளிர்காலத்தின் முதல் மாதம்தான், மெஷின் ரம்பம் இன்றும் லேசில் கிளம்பவில்லை. லாரி ஹீட்டருக்கு முன்னால் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். அது கிளம்பியபோது எனக்குக் கிளம்ப மனசில்லை. கடைத்தெருவில் சினார் மரங்களின் கிளைகளைப் பனி பாதி ஒடித்துத் தொங்கவிட்டிருக்கிறது. முழுசாக ஒடிந்து தொலைந்தால் என்ன? பாதிதான் ஒடியும். மீதிப் பாதிக்கு நகராட்சி எனக்குச் சம்பளம் தருகிறது.

ஏறுவது நான். கீழே கயிறு பிடித்தது ஃபர்மான், லாரி டிரைவர். ஸ்டீயரிங் பிடிக்கத் தெரியும், கயிறு பிடிக்கத் தெரியாது. தெரிந்தவன் தள்ளி நின்று விழுந்த கிளைகளை இழுத்துக்கொண்டிருந்தான். சபர்அலி, என் பெண்டாட்டி தூபாவின் தம்பி. போன மாதம் ஆஸரில் நான் விழுந்ததிலிருந்து அவனோடு பேச்சு இல்லை. கயிறும் அவன் கையில் கொடுப்பதில்லை.

தே 17, ஞாயிறு

பனி. வேலை இல்லை. தோள்வலிக்கு மட்டும் லீவு கிடையாது.

தே 19, செவ்வாய்

தூபா தோளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். தேய்க்கும்போது இளக்கமாக இருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். மெதுவாக ஆரம்பித்தாள்: “அவன் என்ன வேணும்னேவா விட்டான்?”

வேண்டுமென்று விட்டிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது என்றேன். கையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பாதித் தோள் தேய்க்காமல் கிடக்கிறது.

உண்மையைத்தான் சொன்னேன். அன்றைக்கு நான் பாப்ளர் மரத்தின் உச்சியில் இருக்கிறேன். என் இடுப்புக் கயிறு மேலே கவட்டையில் ஏறி இறங்கிக் கீழே சபர்அலி கையில். மரம் நின்ற வீட்டு அம்மா தட்டில் டீ கொண்டுவந்தாள். வேண்டாம் என்றான். நல்ல வளர்ப்பு, மூன்றாம் தரம் கேட்கும்வரை வாங்கிக்கொள்ளக் கூடாதே. அவள் மறுபடி கேட்டாள். இவன் வலது கையைக் கயிற்றிலிருந்து எடுத்து நெஞ்சில் வைத்து, தலை குனிந்து, “உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்” என்றான். இடது கை உறையெல்லாம் பனிக்கட்டி. கயிறு வழுக்கிக்கொண்டு போயிற்று. நடுவில் ஒரு கிளை என் தோளைப் பிடித்து நிறுத்தியிருக்காவிட்டால் இதை எழுத ஆள் இல்லை.

அசதியில் விட்டிருந்தால் புரிந்துகொள்வேன். தூங்கிவிட்டான் என்றால்கூடச் சரி. மரியாதைக்காக விட்டான்! ஊரார் என்ன நினைப்பார்களோ என்று என்னை விட்டான்.

தே 25, திங்கள்

இன்று கோட்டைவிட ஃபர்மானின் முறை. பேக்கரிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கிளையைக் கயிறு கட்டி மெதுவாக இறக்க வேண்டும். அடிமரத்தில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றிக்கொள் என்று நூறு தரம் சொல்லியாயிற்று. சுற்றினான், தப்பான பக்கம். கிளை நேராகப் போய் அடுப்புப் புகைக்குழாயை மடக்கி உட்கார்ந்தது. ரொட்டிக்கு வரிசையில் நின்ற ஜனம் மொத்தமும் இருமிக்கொண்டே தெருவுக்கு வந்தது. பேக்கரிக்காரர் ரொட்டி எடுக்கும் நீளத் துடுப்போடு வெளியே வந்து யாரை அடிப்பது என்று தேடினார். ஃபர்மான் லாரிக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டான். அடி விழாமல் பேசி அனுப்பியது சபர்அலிதான். குழாயையும் அவனே நிமிர்த்தினான். நான் மரத்தின் மேல் இருந்தேன், இறங்கி நன்றி சொல்லவில்லை.

சாயங்காலம் நகராட்சி இன்ஜினியர் கூப்பிட்டார். இஸ்ஃபந்த் மாதத்திலிருந்து எனக்கு மரத்தடியில் கயிறு பிடிக்க ஒரே ஆள்தானாம். லாரியைப் பொது டிரைவர் ஓட்டுவாராம். போவது ஃபர்மானா, சபர்அலியா, அடுத்த மாதம் பஹ்மன் முடிவதற்குள் பேரைச் சொல் என்றார். போகிறவனுக்கு வேறு இடம் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் வீடுதான்.

நான் யோசிக்கக்கூட இல்லை. போகப்போவது சபர்அலி. தூபாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

பஹ்மன் 4, புதன்

நாள் முழுக்கக் குளத்தோரப் பாப்ளர்கள். கை விரல்கள் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. மத்தியானம் சபர்அலி தள்ளுவண்டிக்காரனிடம் சுடச்சுட வேகவைத்த பீட்ரூட் வாங்கிவந்து, லாரியின் முன்மூடி மேல் என் பக்கமாக வைத்துவிட்டுப் போனான். நான் தொடவில்லை. ஃபர்மான் சப்புக்கொட்டித் தின்றான். “உஸ்தா, உங்க ரோஷம் ரொம்ப இனிப்பா இருக்கு” என்றான் அந்தத் தடிப்பயல்.

வீட்டுக்கு வந்து பழைய ரொட்டியும் வெங்காயமும் தின்றேன். அந்த பீட்ரூட் வாசனை மூக்கைவிட்டுப் போகவில்லை.

பஹ்மன் 11, புதன்

இதை யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே எழுதுகிறேன். பயமாக இருக்கிறது. ஏறத் தொடங்கினதும் இடுப்பு முடிச்சை மறுபடி மறுபடி இறுக்குகிறேன். ஒவ்வொரு கிளைக்கும் கீழே பார்க்கிறேன், ஃபர்மான் கயிற்றைப் பார்க்கிறானா, போகிற பெண்களைப் பார்க்கிறானா என்று. பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. முன்பெல்லாம் மேலே நின்று அல்வந்த் மலையைப் பார்ப்பேன். இந்தக் குளிர்காலத்தில் மலை இருக்கிறதா என்றே தெரியாது.

பஹ்மன் 18, புதன்

ஒன்றுமில்லை. அலுப்பு.

பஹ்மன் 24, செவ்வாய்

இன்ஜினியர் மறுபடி போன் செய்தார். சனிக்கிழமை சொல்லிவிடுகிறேன் என்றேன். இன்றே சொல்லியிருக்கலாம், பேர் தெரியும்தானே. தூபா பக்கத்து அறையில் அவனுக்குக் கம்பளி உறை பின்னிக்கொண்டிருந்தாள். உள்ளங்கைப் பக்கம் வழுக்காமல் இருக்கத் தோல் வைத்துத் தைக்கிறாள்.

பஹ்மன் 27, வெள்ளி

லீவு நாள் என்றுதான் பேர். தையல்காரி அக்தஸ் வீட்டுக் கொல்லையில் ஒரு வால்நட் மரம், ஆள் மாதிரி வளர்ந்து நிற்கிறது, ஒரு காய் கொடுத்ததில்லை. மிரட்டினால் அடுத்த வருஷம் காய்க்கும், மரத்தை மிரட்ட வா உஸ்தா என்று முன்பே சொல்லிவைத்திருந்தாள். போகலாம் என்று வாசலுக்கு வந்தால், கோடாரியும் கையுமாக சபர்அலி நிற்கிறான். தூபாவின் வேலை. திருப்பி அனுப்பத் தெம்பில்லை. முன்னும் பின்னுமாக நடந்து போனோம்.

மிரட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் கோடாரியை ஓங்கி வெட்டிவிடுவேன் என்பான். இன்னொருவன் கையைப் பிடித்துக் கெஞ்சி மரத்துக்கு ஜாமீன் நிற்பான். ஜாமீன் நிற்க வேண்டியவர் அக்தஸின் அண்ணன். மலாயரிலிருந்து கிளம்பியவர் பனியில் வழியிலேயே மாட்டிக்கொண்டார். வந்துவிடுவார், வந்துவிடுவார் என்று கொல்லையில் நின்று நின்று கால் மரத்துப்போயிற்று. வேலையை முடித்துக்கொண்டு படுக்கப் போனால் போதும் என்று இருந்தது எனக்கு. என்ன செய்தேன்? புத்தி கெட்டுப்போய், ஜாமீன்காரர் வருவதற்கு முன்னால் கோடாரியை எடுத்துவிட்டேன். அதன் பின்பக்கத்தால் மரத்தை மூன்று தட்டுத் தட்டி, உரக்கச் சொன்னேன்: “தின்னுது, குடிக்குது, ஒண்ணும் குடுக்கறதில்ல. இது எதுக்கு? வெட்டிப் போடறேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. சொன்ன பிறகு யாரும் கெஞ்சாவிட்டால் வெட்டியே ஆக வேண்டும். சும்மா இறக்கினால் அந்தக் கொல்லையில் எந்த மரமும் இனி மதிக்காது என்பார்கள். அக்தஸ் முகம் வெளுத்துவிட்டது. குறை சொல்கிறவள் அவளே, அவளே எப்படி ஜாமீன் நிற்பாள்? ஓங்கிய கோடாரியோடு நான் நிற்கிறேன், அடிபட்ட தோள் விண்விண்ணென்று தெறிக்கிறது. சபர்அலி சுவரோரம் நிற்கிறான். அவன் கண் மரத்தின் மேல் இல்லை, என் தோள் மேல்.

வந்தான். என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தான், இரண்டு கையாலும். “விட்டுடுங்க அத்தான். இந்த ஒரு வருஷம் விட்டுடுங்க. நான் ஜாமீன்.”

மூன்று மாதத்தில் முதல் பேச்சு. நீ யார்டா ஜாமீன் நிற்க, உனக்கு யார் ஜாமீன் என்று வாய்வரை வந்தது. அப்படிக் கேட்க முறை இல்லை. முறைப்படி என்ன கேட்க வேண்டுமோ அதைத்தான் கேட்டேன்: “அப்பவும் காய்க்கலேன்னா?”

அவனும் முறைப்படிதான் சொல்ல வேண்டும். “அப்ப என்னையும் சேர்த்து வெட்டுங்க.” குரல் உடைந்துவிட்டது. சும்மா சொல்கிறவன் குரல் அப்படி உடையாது.

கோடாரி ஓங்கியபடியே இருந்தது. அக்தஸ்தான் பதறினாள்: “சொல்லுங்க உஸ்தா. சொல்லாம விடக் கூடாது.”

“உன் முகத்துக்காக விட்டேன்” என்றேன். கோடாரியை அவனே வாங்கிக் கீழே வைத்தான்.

அக்தஸ் ஆஷ் கஞ்சி கொடுத்தாள், சேர்ந்து உட்கார்ந்து குடித்தோம். திரும்பி வரும்போது பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். மரத்துக்கு முன்னால் சொன்ன வார்த்தை மனுஷனுக்குச் செல்லுமா? எனக்குத் தெரியவில்லை. தூக்கம் வருகிறது.

பஹ்மன் 28, சனி

ஃபர்மான் பேரைச் சொன்னேன். தண்ணீர் லாரியில் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டேன், அவனை அங்கே போடுங்கள் என்று இன்ஜினியரிடம் கெஞ்சினேன். கெஞ்சுவது எப்படி என்று நேற்றுதான் பார்த்திருந்தேன். அவர் அலுத்துக்கொண்டு சரி என்றார். ஃபர்மானுக்கு என் மேல் கோபம், ஆனாலும் ஸ்டீயரிங்கை யாரும் பிடுங்கவில்லை.

தூபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், முதலில் நினைத்ததையும். அழுதாள், திட்டினாள், மீதித் தோளுக்கும் எண்ணெய் தேய்த்தாள்.

இஸ்ஃபந்த் 9, புதன்

பனி இளகிச் சொட்டுகிறது. பழைய தெருவில் பெரிய சினார், உச்சிவரை வேலை. ஏறுவதற்கு முன் கயிற்று முனையை சபர்அலி கையில் கொடுத்தேன். புது உறை போட்டிருந்தான். அடிமரத்தில் ஒரு சுற்று, சரியான பக்கம்.

வேலைக்கு நடுவில் எதிர்வீட்டு அம்மா ஒருத்தி டீத் தட்டோடு வந்தாள். மேலே இருந்த எனக்குக் கேட்டது. ஒரு தரம் கேட்டாள், இரண்டு தரம், மூன்று தரம். இவன் கை கயிற்றைவிட்டு அசையவில்லை, தலைகூட ஆட்டவில்லை, கண் என் மேலேயே. “கேக்கறதுக்கு ஒரு பதில்கூட இல்ல, என்ன ஜென்மமோ” என்று முனகிக்கொண்டே தட்டை உள்ளே கொண்டுபோனாள்.

அல்வந்த் உச்சி வெயிலில் நன்றாகத் தெரிந்தது. கழுத்து வலிக்கவில்லை.

இறங்கி வந்து, நானே போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு, இரண்டு டம்ளர் டீ வாங்கிவந்தேன். ஒன்றை சபர்அலியிடம் நீட்டினேன். நெஞ்சில் கை வைத்து, வேண்டாம் அத்தான், நீங்க குடிங்க என்றான். மூன்றாம் தரம் வாங்கிக்கொண்டான்.