டான்யா பிடித்த மடவை

சனிக்கிழமை இரவு

இன்று லிட்கத்தில் உள்ள எங்கள் மீன்கடைக்கு டான்யா மறுபடி வந்தாள். தெற்குக் கரையில் தலைமுறை தலைமுறையாக மடவை மீன் பிடிக்கும் பூர்வகுடிக் குடும்பம் அவளுடையது. மீன்பிடி லைசென்ஸ் வைத்திருக்க, அரசு தரும் மீன்பிடிப் பங்குகள் ஒவ்வொருவரிடமும் முன்பைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்று விதி மாறியபிறகு, அவர்கள் வலை போடுவதே நின்றுபோயிருந்தது. இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அவளுடைய மச்சான்மார் மூன்று பேரும் தங்கள் பங்குகளை அவள் பெயருக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

வண்டியில் இரண்டு பெட்டி மீன்தான் இருந்தது.

"மிச்சம் எங்கே?" என்றேன்.

"கரையில் எங்கள் பெரியவர்களுக்குக் கொடுத்தாயிற்று. லைசென்ஸ் மாறினாலும் அந்த வழக்கம் மாறாது" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள்.

என் மனைவி வசந்தி என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "அது சரிதான். ஆனா அந்த மூண்டு பேருக்கும் இனி லைசென்ஸ் இல்லையேப்பா. பாவம், என்ன செய்வினம்?"

எனக்கும் அதுதான் உறுத்தியது. டான்யாவிடமே கேட்டேன்.

"என் படகில்தான் வேலை செய்கிறார்கள். நான் கேப்டன். பிறந்ததிலிருந்து இப்போதுதான் நான் சொல்வதைக் கேட்கிறார்கள்!"

மீன் மத்தியானத்துக்கு முன்பே விற்றுப்போய்விட்டது. வசந்தி படுத்தபிறகும் "கேப்டன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்கும் சிரிப்பு வந்து எழுத முடியவில்லை.