இன்றைக்கு உன் முறை

கோட்டைக்குப்பத்துக் கோபக்காரனுக்கு,

போன் செய்தால் உன்னோடு பேசியதாக ஆகிவிடும். அதனால் எழுதி, நீ படுத்திருக்கும் ஆஸ்பத்திரிக்கு வரும் உன் சம்சாரம் தேவகியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இன்றைக்கு பெங்களூர்க்காரர் ஒருவர் மனைவியோடு சுற்றிப்பார்க்க வந்தார். ஏரியில் தூண்டில் போட இடம் காட்டச் சொல்லி என் படகைப் பிடித்தார். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், ஆளில்லாத தண்ணீரில் கொடுவா மீன் புரண்டுகொண்டிருந்தது. உடனே, "அங்க போங்க" என்றார்.

"முடியாது சார். சீட்டுப் போட்டு மொற வெச்சிருக்கோம். இன்னிக்கி அந்த எடம் வேற ஒருத்தனோடது."

"அவர்தான் வரலையே?"

"வரலேன்னா இன்னா சார்? அவன் மொற அவன் மொறதான்."

"உங்க சிநேகிதரா?"

"பேச்சுவார்த்தையே இல்ல சார்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

அவருக்கு ஒரு கெளுத்திதான் மாட்டியது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். போகட்டும். நான் திரும்பிப் போய் இருட்டும்வரை அங்கேயே படகை நிறுத்தியிருந்தேன். உன் இடத்தில் எவன் வலையும் விழவில்லை. விழ விட்டுவிடுவேனா?

இனி நீ படகேற முடியாது என்று டாக்டர் சொன்னாராம். தேவகி சொன்னாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த முறைக்கு நீ வந்து உன் கையால் வலை போடு. ஏற முடியாவிட்டால் தூக்கி என் படகில் உட்கார வைக்கிறேன்.

பேசத்தான் மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னோடு பேசாதவன்