ஆறு வாசல் கோட்டை

ரொம்மன்,
ஒஸ்லோ.
09.11.2025

அன்புத் தங்கச்சி சிறிதேவிக்கு,

அக்கா மலர் எழுதிறன். கையெழுத்தைக் கண்ட உடனை கிழிச்சுப் போடாதை. நீ என்ரை நம்பரைத் தடுத்து வைச்சிருக்கிறாய். என்ரை மகளின்ரை போனிலை இருந்து எடுத்தாலும் என்ரை குரல் கேட்டதும் வைச்சிடுறாய். அதுதான் இந்த வயசிலை பேனை தேடிப் பிடிச்சு இருக்கிறன். ஜெனோவாவிலை நீங்கள் எல்லாரும் சுகமாய் இருக்க வேணும்.

இஞ்சை முதல் பனி விழுந்திட்டுது. உன்ரை அத்தானுக்கு முழங்கால் மடங்குதில்லை, வாய் மட்டும் நல்லா ஓடுது. மகள் அபிஷா ஆசுப்பத்திரி வேலையிலை மெலிஞ்சு தும்பாப் போனாள். சரி, நான் எழுத வந்தது இது இல்லை.

உன்ரை மகள் கம்சாயினியின்ரை கலியாணத்துக்கு நாங்கள் வராத நாளிலை இருந்து நீ என்னோடை கதைக்கேல்லை. மாப்பிளை இத்தாலிக்காரன் எண்டு அத்தான் முறுகினார், நானும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திட்டன். நீ கோவிச்சது ஞாயம்தான். பிறகு எங்கடை பெட்டையள் ரெண்டுபேரும் தங்களுக்குள்ளை கதைச்சு, நான் பெண்கள் சங்கத்தோடை இத்தாலி பாக்க வரேக்கை, லூக்கா எண்ட அந்தக் கோட்டை நகரத்திலை எங்களைச் சந்திக்க வைக்க ஒழுங்கு செய்தாளவை. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கோட்டை வாசல். இதுக்கு மேலை எங்களுக்கு என்ன விளக்கம்? கோட்டையடி முனியப்பர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகேக்கை, சனத்துக்குள்ளை துலைஞ்சால் கோட்டை வாசலிலை போய் நில்லுங்கோ எண்டுதானே எங்கடை ஐயா சொல்லுவார். யாழ்ப்பாணத்திலை வளந்த எங்களுக்குக் கோட்டை எண்டால் ஒரு வாசல்தான்.

பஸ்ஸாலை இறங்கினால் நேர முன்னுக்கு வாசல். அதிலை நிண்டிட்டன். மதில் எண்டால் என்ன மதிலடி! மேலை ரோட்டுப் போட்டு மரமும் நட்டு, சனம் சைக்கிள் ஓடுது. எங்கடை சங்கத்து மேரியம்மா, மேலை ஏறி ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வருவம் எண்டு கையைப் பிடிச்சு இழுத்தா. நான் அசையேல்லை. பைக்குள்ளை உனக்கெண்டு வறுத்து இடிச்ச மிளகாய்த்தூள். வாற ஒவ்வொரு பொம்பிளையையும் நீதானோ எண்டு பாத்துப் பாத்துக் கண் பூத்துப்போச்சு. போன் கையிலைதான் இருந்தது. எங்கை நிக்கிறாய் எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் முடிஞ்சுது. அக்கா நான் ஏன் முதல்லை எடுக்க வேணும் எண்டு ஒரு திமிர். அந்தத் திமிருக்குச் செருப்பாலை அடிக்க வேணும்.

பஸ் வெளிக்கிடேக்கை குரல்பதிவு அனுப்பினன். என்னை வரவைச்சு அவமானப்படுத்திப்போட்டாய் எண்டும், எங்கடை அம்மா ஒரு பிள்ளையோடை நிப்பாட்டியிருக்கலாம் எண்டும் சொன்னனான். பஸ்ஸிலை இருந்த எல்லாருக்கும் கேக்கத்தான் சொன்னனான். ஐயோ, நினைச்சால் சோறு இறங்குதில்லை.

அதுக்குப் பிறகு கம்சாயினியும் அபிஷாவோடை கதைக்காமல் இருந்து, போன கிழமைதான் ஒரு படம் அனுப்பினாள். நீ பச்சைச் சீலையோடை, சாப்பாட்டுக் கரியரும் கையுமாய் ஒரு வாசலிலை நிக்கிறாய். உனக்கு முன்னாலை ரோட்டுக்கு அங்காலை ரயில் ஸ்டேசன் தெரியுது. நான் நிண்ட இடத்திலை ஸ்டேசனே இல்லை. அபிஷா போனிலை வரைபடத்தை விரிச்சுக் காட்டினாள். அந்தக் கோட்டைக்கு ஆறு வாசலாம், சிறிதேவி! நீ ரயிலாலை வந்த பக்கம் நிண்டிருக்கிறாய், நான் பஸ்ஸாலை வந்த பக்கம் நிண்டிருக்கிறன். மேரியம்மாவோடை ஏறிச் சுத்தியிருந்தால் உன்ரை தலைக்கு மேலாலைதான் போயிருப்பன்.

படத்தோடை கம்சாயினி எல்லாம் எழுதியிருந்தவள். தான் எனக்குப் போன் எடுக்க வெளிக்கிட, அக்கா தானா வரட்டும் எண்டு நீ மறிச்சனியாம். நீயும் அந்த அம்மா பெத்த பிள்ளைதானே! பின்னேரம்வரைக்கும் நிண்டிட்டு, எனக்கெண்டு அவிச்ச புட்டைத் திருப்பிக் கொண்டு போனனியாம். வீட்டை போய்த்தான் என்ரை பதிவைக் கேட்டனியாம். இதை வாசிச்சிட்டு நான் குசினிக்குள்ளை போய் இருந்து அழுதன். அத்தான் வந்து தேத்தண்ணி ஊத்தித் தந்தார். அவர் ஊத்தித் தந்து நீ எப்பவாவது கண்டனியே?

பிறகு அவரே சொன்னார், நத்தார் பண்டிகைக்கு எல்லாரையும் வரச்சொல்லி எழுது, எயார்போட்டுக்குத் தான் வாறன் எண்டு. எல்லாரையும் எண்டால் மருமகனையும்தான். மாத்தேயோ. பேரைச் சரியா எழுதினனானோ தெரியாது, அபிஷாவிட்டைக் கேட்டுச் சொல்லிப் பழகினனான். அந்தப் பிள்ளைக்கு உறைப்பு ஒத்துவருமோ எண்டு எழுது. மிளகாய்த்தூளை நான் இன்னும் திறக்கேல்லை.

நான் சொன்னதை மறக்கச் சொல்லிக் கேக்கேல்லை. மறக்க ஏலாதெண்டும் தெரியும். திட்டிறதெண்டாலும் இஞ்சை வந்திருந்து திட்டு, நான் கேட்டுக்கொண்டு இருக்கிறன். முனியப்பர் உன்னையும் பிள்ளையளையும் ஒரு குறையும் இல்லாமல் வைச்சிருக்க வேணும்.

எங்கடை வீட்டுக்கு ஒரு வாசல்தான், தங்கச்சி. நான் அதிலை நிப்பன்.

உன்ரை அக்கா,
புஷ்பமலர்