ஓடைக்கரையில் மக்காத இலைகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அங்கே சுகமாக இருப்பாய், குளிருக்குக் காதை மூடிக்கொண்டுதான் வெளியே போவாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. போனில் பேசலாம்தான், ஆனால் போன் அடித்தால் உன் அம்மா தையல் மிஷினை அப்படியே விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து காதைக் கொடுத்து உட்கார்ந்துவிடுவாள், இது அவள் காதில் விழக்கூடாத விஷயம். அவள் நூல் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள், திரும்புவதற்குள் எழுதி முடிக்க வேண்டும், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

என் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மங்கலாகத் தெரிந்ததெல்லாம் இப்போது பளிச்சென்று தெரிகிறது, நம் வீட்டுச் சுவரில் இவ்வளவு அழுக்கா என்று பயந்தே போனேன். சுவரோடு போயிருந்தால் தேவலை. போன வாரம் ஓடைக்கரைக்குப் போய், இலை எப்படி மக்குகிறது என்று பார்க்க நீ மண்ணில் குத்திவைத்துவிட்டுப் போன வலைப்பைகளில் கடைசி மூன்றையும் எடுத்துவந்தேன். வழக்கம்போல ஒட்டிய மண்ணைத் தட்டி, ஓவனில் உலர்த்தி, எடை போட்டு உனக்கு அனுப்பலாம் என்று பையை வெட்டினால், அடியில் கறுத்து நைந்து சல்லடையாய்ப் போன இலை, மேலே முந்தாநாள் உதிர்ந்த மாதிரி முழு இலை. பையின் வாய் பழுப்பு நூலில் தைத்திருந்தது. உனக்கு எல்லாப் பைகளையும் அம்மா வெள்ளை நைலான் நூலில்தானே தைத்துக் கொடுத்தாள்? ஆனால் தையல் அவள் தையல், இத்தனை வருடம் அவளோடு குடித்தனம் நடத்தியவனுக்கு அதுகூடத் தெரியாதா. மூன்று பையும் அப்படியே.

கேட்டேன். முதலில் எலி என்றாள். எலி தைக்குமா என்றேன். மிஷின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். நீ கிளம்பும்போது, இந்த இலையெல்லாம் மக்கி முடிந்தால் இங்கே என் வேலையும் முடிந்தது என்று சொன்னாயாம். ஏதோ விளையாட்டாகச் சொல்லியிருப்பாய், எனக்கு நினைவுகூட இல்லை, அவள் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டுவிட்டாள். "இல தீந்துபோச்சுன்னா அவ எதுக்குங்க இங்க வரப்போறா" என்று என்னையே கேட்கிறாள். மழை விட்டதிலிருந்து, பை இளைக்க இளைக்க, அதே மரத்தடியில் காய்ந்த இலையைப் பொறுக்கி உள்ளே திணித்துத் தைத்துவைத்திருக்கிறாள்.

உனக்குப் புரிந்திருக்கும். ஆரம்பத்தில் நான் அனுப்பிய எடை சரி, மழை விட்ட பிறகு அனுப்பியது ஒன்றுமே உதவாது. மருந்துக்கடையில் தராசு பிடித்தே தலை நரைத்தவன், ஒரு நாளும் எடையில் பிசகியதில்லை என்று உன் புரொபசரிடமே பீற்றிக்கொண்டவன் நான். இந்த லட்சணத்தில்தான் எனக்குக் கண் தெரிந்திருக்கிறது. இலை மக்குவது நின்றுவிட்டது, மேலேயிருந்து வரும் தொழிற்சாலைத் தண்ணீர் கரை மண்ணையே கொன்றுவிட்டது என்று நீ உன் ஆராய்ச்சியில் ஒரு அத்தியாயம் எழுதிவிட்டாய், அடுத்த மாதம் பரீட்சை வைப்பவர்கள் முன்னால் அதைப் பேசப்போகிறாய். மண் சாகவில்லை பாப்பா. புழுவும் பூச்சியும் ஈரமும் சேர்ந்து அது பாட்டுக்குத் தின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது, உன் அம்மாதான் அதற்குப் பரிமாறிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

உன் உழைப்பெல்லாம் பாழாய்ப் போனதே என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. உன்னிடம் சொல்லக்கூடாது என்று அவள் கெஞ்சுகிறாள், "அவ பேசறதையும் நிறுத்திட்டான்னா நான் எப்படிங்க இருப்பேன்" என்கிறாள். சொல்லாவிட்டால் நீ நாலு பேர் நடுவில் தெரியாமல் பொய் பேசுவாய், சொன்னால் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் தீ வைத்தவனாவேன். யோசித்து யோசித்து மண்டை காய்ந்துபோய்த்தான் எழுதிவிட்டேன். நல்ல வழி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மேல்வீட்டு எலக்ட்ரீஷியன் தம்பியிடம் மட்டும் சொன்னேன், ஓடைத் தண்ணீரைச் சோதித்தாவது அந்த அத்தியாயத்தைக் காப்பாற்ற முடியாதா என்றான், அதையும் உனக்கே எழுதிவிடுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மண்ணில் ஒரு பைகூட பாக்கி இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் இன்று காலை நடக்கப் போனபோது பார்த்தேன், கரையில் புதிதாக ஒரு பை. பழைய கொசுவலையை வெட்டித் தைத்து, இலை நிரப்பி, உன்னுடையதைப் போலவே நம்பர் போட்ட சீட்டும் கட்டி வைத்திருக்கிறாள். எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, விடிய விடிய உட்காராதே. என்ன ஆனாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், அப்பாவின் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. அம்மாவைத் திட்டுவதென்றால் திட்டு, திட்டிவிட்டுப் பேசு. வர முடிந்தால் வா, முடியாதென்றால் முடியாது என்றே அவளிடம் சொல்லிவிடு. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லாதே, அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் இன்னொரு வருடத்தை ஓட்டிவிடுவாள்.

இப்படிக்கு,
உன் அப்பா