மச்சில் பரப்பிய உமி

786
குவைத், 12.4.1979

அன்பு பத்ருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மாடி அறை அடுப்பாகக் கொதிக்கிறது, சஃபியா தூங்காமல் அழுகிறாள் என்று எழுதியிருந்தாய். கீழே குடித்தனம் இருக்க, நமக்கு அந்த ஓர் அறைதானே. வெள்ளைக்காரன் கட்டிய வீடு. ஓட்டுக்கடியில் பலகை மச்சு இருக்கிறது. அதன்மேல் ஒரு முழத்துக்கு உமி பரப்பி, சுவரோரத்துக் காற்று ஓட்டைகளைச் சிமெண்டால் அடைக்கச் சொல். வெயில் சூடு கீழே இறங்காது. சூடு ஏறாமலிருக்க தினமும் ஏசி குழாய்க்குக் கண்ணாடிப் பஞ்சு சுற்றுகிறவன் நான், எனக்குத் தெரியாதா? ஊசி நுழையச் சந்து விடக்கூடாது. மகளுக்கு முத்தம்.

ஜெய்னுலாபுதீன்

காரைக்கால், 20.5.1979

அன்புள்ள மச்சானுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

உமி போட்டாச்சு. ஓட்டையை அடைக்க மாட்டேன்னு சுவாமிநாதன் கொத்தனார் ஒரே அடம். "கடலோரம்மா, அடைச்சா உமி வேர்த்துப் போயிடும்"னார். உங்க கடுதாசியைப் படிச்சுக் காட்டித்தான் அடைக்க வச்சேன். அறை இப்ப ஜில்லுன்னு இருக்கு. புள்ளை மத்தியானமெல்லாம் தூங்குறா. நீங்க இல்லாத குறைதான்.

பத்ருன்னிசா

காரைக்கால், 4.12.1979

மச்சான்,

ஐப்பசியில பிடிச்ச மழை விடவே இல்லை. மச்சுப் பலகையெல்லாம் கறுப்பா பூசணம் பூத்திருக்கு. இடுக்கு வழியா தூளா படுக்கையில கொட்டுது. துடைச்சா மறுநாளே வந்துடுது. சஃபியாவுக்கு இழுப்பு. டாக்டர் ரெண்டு தடவை ஊசி போட்டார். உமியை அள்ளிடவா? நீங்க ஒரு வார்த்தை எழுதாம நான் கை வைக்க மாட்டேன்.

பத்ரு

குவைத், 22.12.1979

பத்ரு,

மழைக்குப் பூசணம் பூக்காத வீடு நம்ம ஊரில் உண்டா? சாம்பிராணி போடு, போய்விடும். உமியைத் தொடாதே. கோடையில் மறுபடி வெந்து போவீர்கள்.

ஜெய்னுலாபுதீன்

குவைத், 15.1.1980

பத்ரு,

கம்பெனி இஞ்சினீயரிடம் விஷயத்தைச் சொன்னேன். திட்டித் தீர்த்துவிட்டார். கண்ணாடிப் பஞ்சில் பூசணத்துக்குத் தீனி இல்லையாம், உமியே தீனியாம். காற்றோடி ஈரம் காய்ந்தால்தான் உமி கெடாதாம். என் புத்தியைச் செருப்பால் அடிக்கணும். இதைக் கண்டதும் புள்ளையை உன் வாப்பா வீட்டில் விடு. ஓட்டையைத் திற, உமியை அள்ளிக் கொட்டு.

ஜெய்னுலாபுதீன்

காரைக்கால், 2.2.1980

மச்சான்,

தந்தி கிடைச்சிருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ பாங்கு சொல்றப்ப என் மடியிலேயே சஃபியாவுக்கு மூச்சு நின்னுச்சு. புள்ளையை அடக்கம் பண்ணி ஆறு நாள் கழிச்சுத்தான் உங்க கடுதாசி வந்தது. நீங்க சொன்னபடியே ஓட்டையைத் திறந்து உமியை அள்ளியாச்சு. சுவாமிநாதன்தான் அள்ளினார். அழுதுகிட்டே அள்ளினார்.

உங்க மேல கோபம் இல்லைன்னு எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியலை, கோபம் இருக்கு. என் மேல அதைவிட இருக்கு. கொத்தனார் சொன்னது காதுல விழுந்துச்சு, புள்ளை இழுத்தது தினமும் காதுல விழுந்துச்சு. நான் தபால்காரருக்காகக் காத்துக்கிட்டிருந்தேன், பாவி.

வாப்பா வீட்டுக்குப் போறேன். அங்கே எனக்குக் கடுதாசி போடாதீங்க. நீங்க எழுதினா அதுபடியே செஞ்சிடுவேன். அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு.

சஃபியா உம்மா